ஜன்னல் இல்லாத அறையில் ஆறு நாள்

அந்த அறைக்குள் நாலு பேரும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்பது, பெட்டிகளை உள்ளே இழுத்துப்போட்ட ஐந்தாவது நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒருவர் குளியலறைக்குள் போய் நின்றால்தான் இன்னொருவர் குனிந்து செருப்பைக் கழற்ற முடியும். தம்பி தானாகவே உள்ளே போய் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டினான். "அப்பா, நீங்க கட்டில்ல உட்காருங்க. அக்கா, நீ கதவோட ஒட்டிக்கோ. அம்மா, நீங்க கொஞ்ச நேரம் மூச்சு விடாதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூத்தவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அதில் எதுவுமே வித்தியாசமாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது, ஏதாவது பெரிதாகச் செய்யவேண்டும் என்று ஆரம்பித்தவள் மூத்தவள்தான். ஆஸ்பத்திரி லேபில் காலை ஆறு மணியிலிருந்து ஊராருடைய ரத்தத்தை எடுத்துக் குழாயில் அடைக்கிற வேலை அவளுக்கு. வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தம்பி ஏசி மெக்கானிக், வேறு ஊரில் தனியாக இருக்கிறான். கல்யாணம் என்று யார் பேச்செடுத்தாலும் ஸ்பேனரைத் தேடப் போய்விடுவான். இருவரும் போனிலேயே பேசி முடிவுசெய்து கப்பலில் இடம் போட்டார்கள். நாலு பேர் தங்கும் அறை ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதிலும் ஜன்னல் கிடையாது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னல்? நாம என்ன நாற்பது பேரா?" என்றார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர் அவர். ஒரு விஷயத்தை அவர் சரி என்று சொல்லிவிட்டால் வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

கீழே இரண்டு கட்டில். மேலே கூரையிலிருந்து மடக்கி இறக்குகிற இரண்டு பலகைப் படுக்கை. அந்த அறைகளைக் கவனித்துக்கொள்ளும் நடுத்தர வயது அம்மாள் வந்து, கீழ்க் கட்டில்களைச் சேர்த்துப் போடவா பிரித்துப் போடவா என்று இரண்டு கையையும் சேர்த்தும் விரித்தும் காட்டிக் கேட்டாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பிரிச்சே போடுங்க" என்றாள். அப்பா தன் குறட்டையைச் சொல்லிக் கேலி செய்துகொண்டார். மூத்தவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் கடல் கொந்தளிக்க ஆரம்பித்தது. பயணிகள் எல்லோரும் அவரவர் அறைக்குப் போய் உட்காருங்கள், அறிவிப்பு வரும்வரை வெளியே வராதீர்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. மூத்தவளும் தம்பியும் ஏணி வைத்து மேலே ஏறிப் படுத்துக்கொண்டார்கள். அப்பா குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு விஷயம் சொல்லணும். கப்பல்லேர்ந்து இறங்கினதும் நான் வீட்டுக்கு வரல."

யாருக்கும் புரியவில்லை. தம்பிதான், யார் வீட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டான்.

"யார் வீட்டுக்கும் இல்ல. யூனிஃபார்ம் தைக்கிற கடைக்கு மாடில ஒரு ரூம் இருக்கு. கடைக்காரம்மா எனக்குத் தரேன்னு சொல்லிட்டாங்க. இனிமே அங்கதான் இருக்கப் போறேன். அப்பா வீட்ல இருப்பார்."

அம்மா தையற்காரி. மூத்தவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து வந்தவள். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்சட்டையும் பாவாடையும் தைத்துத் தள்ளிய அந்தக் கைகள் அன்றைக்குச் சும்மா மடியில் கிடந்தன. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்து, எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். நாலு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லை.

"அப்ப தையல் மெஷின் ரிப்பேருக்குப் போகலையா?" என்று கேட்டார்.

"இல்லங்க. அங்கதான் அனுப்பினேன்."

அவர் தலையை ஆட்டினார். பாதி முகத்து நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

பேச்சையெல்லாம் பேசியவன் தம்பிதான். ஊர் சிரிக்காதா, இந்த வயசில் எதற்கு, அப்பா அடித்தாரா, குடித்தாரா, என்ன குறை வைத்தார் என்று கத்தினான். மேலே படுத்திருந்ததால் கூரை தலையில் இடிக்க, நிமிர்ந்து உட்கார்ந்து கோபப்படக்கூட முடியவில்லை அவனால். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை என்றாள்.

"அவர் ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு எப்ப ஆகும்னு யோசிச்சுப் பார்த்தேன். ஆகவே ஆகாதுன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

இதை ஏன் இங்கே, நடுக்கடலில் வைத்துச் சொல்கிறாய் என்று மூத்தவள் கேட்டாள்.

"வீட்ல சொன்னா உனக்கு லேப்ல அவசரம்னு போனை வெச்சுடுவ. இவன் வேலை இருக்குன்னு கிளம்பிடுவான். அவர் கடைவரைக்கும் போயிட்டு வரேன்னு செருப்பை மாட்டிடுவார். இங்க எங்க போவீங்க?"

அது பொய்யில்லை. எங்கேயும் போகமுடியவில்லை. பகல் முழுக்க அந்தக் கப்பல் ஆடிக்கொண்டே இருந்தது. நாலு பேரும் நாலு படுக்கையில் கிடந்தார்கள். மூத்தவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. ஆனால் அழுவதற்குத் தனியாக ஓர் இடம் வேண்டுமே. குளியலறையில் தம்பி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரருக்குப் போன் செய்யலாமென்றால் கடலில் சிக்னல் இல்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு மாசத்துக்கு முன்னால் அம்மா லேபுக்குப் போன் செய்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஓர் இடம் பார்க்கப் போகணும், கூட வர்றியா என்று கேட்டாள். என்ன இடம், எதற்கு என்றுகூடக் கேட்காமல், இந்த வாரம் தலைக்குமேல வேலை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தாள் இவள். அடுத்த வாரம் மறந்தே போனது. அம்மா மறுபடி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் அடங்கியது. காலையில் மூத்தவள் கண் விழித்தபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. பதறிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கி வெளியே போனாள். ஒன்பதாவது மாடியில், தாங்களே டீ பிடித்துக்கொள்ளும் மெஷினுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு காகிதக் கோப்பை. பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் வழி விட்டுவிட்டு, தான் மட்டும் பிடிக்காமல் நின்றிருக்கிறார் என்பது தெரிந்தது. மகளைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"உங்கம்மா சர்க்கரை போட்டுப்பாளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

மூத்தவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அப்பாவுக்கு இரண்டு ஸ்பூன், தனக்கு அரை, தம்பிக்குச் சர்க்கரையே கூடாது, கொதிக்கக் கொதிக்க வேண்டும். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அம்மா எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நின்றுகொண்டே எதையோ குடிப்பாள். அது என்ன, எப்படி என்று இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் எட்டிப் பார்த்ததே இல்லை.

"தெரியலப்பா."

"அவனுக்குத் தெரியுமா?"

அறைக்குப் போய்த் தம்பியை எழுப்பி, வெளியே நடைபாதைக்குக் கூட்டிவந்து கேட்டார்கள். அவன் தூக்கக் கலக்கத்தில் அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை.

கடைசியில் அப்பா சர்க்கரை போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று இரண்டு கோப்பையையும் நிரப்பி, தளும்பாமல் மாடி மாடியாக இறக்கிக் கொண்டுவந்தார். நாற்பது வருஷத்தில் அவர் கையால் அம்மாவுக்கு டீ போனது அன்றைக்குத்தான். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கோப்பையையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நான் டீ குடிக்கிறதை விட்டு மூணு வருஷம் ஆச்சுங்க. நெஞ்சு எரியுதுன்னு விட்டேன்."

குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அப்பா இரண்டு கோப்பையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கப்பல் ஒரு பக்கமாகச் சாய, சூடான டீ அவர் கையில் கொட்டியது. அம்மா சட்டென்று எழுந்து கோப்பைகளை வாங்கி வைத்து, தன் துண்டை நனைத்து அவர் கையைத் துடைத்து, ஊதி, சிவந்திருக்கிறதா என்று விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூத்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. ஆனால் துடைத்து முடித்ததும் அம்மா துண்டைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு, தன் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் ஒரு துறைமுகத்தில் நிறுத்தி ஊர் சுற்றிக் காட்டுவதாக இருந்தது. அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய் மனம்விட்டுப் பேசலாம், போனில் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்கலாம் என்று மூத்தவள் மலைபோல நம்பியிருந்தாள். காற்று அதிகம் என்று கப்பல் அங்கே நிற்காமலே போய்விட்டது. மேல்தளத்தில் நின்று பார்த்தால் கரை தெரிந்தது; கட்டிடங்கள், ஒரு கிரேன், சாலையில் ஓடும் வண்டிகள்கூடத் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருக்கையில் அது பின்னால் போனது. தம்பி கைப்பிடிக் கம்பியில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டு, கை வலிக்க உதறிக்கொண்டே போனான்.

அன்று மதியம் மூத்தவள் தன் படுக்கையில் கண்ணை மூடிக்கிடந்தாள். தூங்கவில்லை. தம்பி வெளியே போயிருந்தான். இவள் தூங்குகிறாள் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். கீழேயிருந்து அவர் குரல் வந்தது, அந்தக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதேயில்லை.

"நான் என்ன பண்ணணும்னு சொல்லு. பண்றேன்."

அம்மா சொன்னாள்:

"அதையும் நானே சொல்லணுமா?"

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பா இன்னும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். கட்டில் கிறீச்சிட்டது. அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள்தான் கல்யாண நாள். அன்று காலையில்தான் மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடம் போடும்போதே, சாப்பாட்டுக் கூடத்தில் கேக் வெட்டவேண்டும், எல்லோர் முன்னாலும் வாழ்த்தவேண்டும் என்று ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தாள். ஓடிப்போய் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், அதெல்லாம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குச் சீட்டு போய்விட்டது என்றாள். பெரியவர்கள் எல்லோருமே முதலில் கூச்சப்படுவார்கள், கேக்கைப் பார்த்ததும் சரியாகிவிடுவார்கள் என்று தைரியம் வேறு சொன்னாள். உண்மையைச் சொல்ல மூத்தவளுக்கு நாக்கு எழவில்லை. யாரோ ஒரு பெண்ணிடம் என்னவென்று சொல்வது?

மாலை ஆறு மணிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கைதட்டிப் பாடிக்கொண்டே வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். கேக்கில் நாற்பது என்று க்ரீமில் எழுதியிருந்தது. அக்கம்பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து தட்டினார்கள். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்துக் கத்தியை இறக்கினார்கள். அம்மா அவர் வாயில் ஒரு துண்டு ஊட்டினாள். போட்டோக்காரர் இன்னும் நெருங்கி நில்லுங்கள் என்றார், நெருங்கி நின்றார்கள். அதற்குப் பிறகுதான், பந்தியை நடத்துகிற மனிதர் மைக்கைக் கொண்டுவந்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி, நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்ததன் ரகசியம் என்ன என்று கேட்டார்.

அப்பா மைக்கைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றார்.

கூடமே கொல்லென்று சிரித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தவர்களும் உண்டு. எத்தனை நகைச்சுவையான மனிதர் என்று பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். மூத்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்து போய்விட்டான். அம்மா மட்டும் தலை குனியவில்லை. அப்பா உட்காரும்வரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்து, உட்கார்ந்ததும் விட்டாள்.

சாப்பிட்டு வந்தபோது தம்பி அறையில் இருந்தான். கண் வீங்கியிருந்தது. அவன் அம்மாவுக்கு முன்னால் தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்துகொண்டு, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், அப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு துரும்பையும் எடுத்துப்போட வேண்டாம், வீட்டில் இருந்தால் மட்டும் போதும் என்றான். அம்மா அவன் தலையைத் தடவினாள்.

"நீ வந்தா உனக்கும் சேர்த்துச் சமைக்கணும்பா" என்றாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் அது புரிந்தது.

ஆறாம் நாள் காலை கப்பல் கரையைத் தொட்டது. அம்மா இதற்காகவே முன்கூட்டி யோசித்து வைத்திருந்தாள்போல, தன் சாமான்களைத் தனிப்பெட்டியில் கட்டியிருந்தாள். துறைமுக வாசலில் ஜனங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு இடித்துப் பிடித்துப் போனார்கள். அம்மா ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி நின்று, வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து மூத்தவளிடம் கொடுத்தாள். பெரியது வாசலுக்கு, பித்தளை பின்கட்டுக்கு, வாசற்கதவைக் கொஞ்சம் தூக்கித் திருப்பினால்தான் திறக்கும் என்று காட்டினாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். மாத்திரை அலமாரியில் நீல டப்பாவில் இருக்கிறது, காலையில் வெள்ளை, சாப்பிட்டபின் மஞ்சள், எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"பார்த்துப் போ" என்றார் கடைசியில்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு டாக்ஸி வரிசைக்குப் போனான். ஒரு வாரத்தில் வந்துவிடுவாள், பத்து நாளில் அலுத்துவிடும் என்று அவன் அக்காவின் காதில் சொல்லிவிட்டுத்தான் போனான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா அந்த மாடி அறையிலேயே தங்கிவிட்டாள் என்பதை எல்லோரும் மெல்ல மெல்லப் பார்த்துப் பழகினார்கள். ஆனால் அன்றைக்கு, அந்த டாக்ஸி திரும்பி மறைந்தபோது, மூத்தவளும் பத்து நாள் என்றுதான் கணக்குப் போட்டாள்.

தம்பியை அவன் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு, அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போனாள். வாசற்கதவு மூன்றாவது தடவைதான் திறந்தது. தையல் மெஷின் இருந்த இடத்தில் தரை நாலு புள்ளியாக வெளுத்திருந்தது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டு நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூத்தவள் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, இன்றைக்கு இங்கேயே இருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்றாள். நாளைக்கு என்ன செய்வது என்பது அவளுக்கே தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா போனில் கூப்பிட்டாள். மூத்தவள் அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். வந்து சேர்ந்துவிட்டேன், அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கடைக்காரம்மா தலையணை கொடுத்தாள், கீழே குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருமாம், நாளைக்கே தைக்கக் கொஞ்சம் துணி வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பேசறீங்களா என்று மூத்தவள் சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மா வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மகளைப் பார்த்து, "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

நீங்களும்தானே கேட்டீங்க என்று அவள் சொல்லவில்லை. நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வந்து சேர்ந்துட்டாங்களாம்ப்பா என்று ஆரம்பித்து, வெளிச்சத்தையும் தலையணையையும் தண்ணீரையும் ஒன்று விடாமல் முதலிலிருந்து சொன்னாள்.